மைல்டு என்றான் மாணவன்



முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஒரு சுருட்டுப் பிடித்தேன், இந்த அறுபத்தேழு வயதில். வீட்டில் இன்னும் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை. பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் பீடித் துண்டோடு மாட்டி என்னிடம் அடி வாங்கியவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

கொண்டுவந்தவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தோல் செலக்ஷன் பார்க்கிறான். தோல் கண்காட்சிக்கு இத்தாலி போய் வந்தபோது வாங்கினானாம். "டொமினிகன் குடியரசுச் சரக்கு சார். மைல்டுக்கும் மீடியத்துக்கும் நடுவுல. புகையை உள்ளே இழுக்கவே வேணாம். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான்.

அவன் அதைப் பார்த்த விதம்தான் அழகு. மேல் இலையைக் கட்டைவிரலால் தடவினான், லேசாக அழுத்தினான், வெளிச்சத்தில் திருப்பினான். நரம்பு தடித்துத் தெரிந்தால் தோலிலும் தரம் குறையும், சுருட்டு இலையிலும் குறையும். இதில் நரம்பே தெரியவில்லை. துணிப் பந்தல் போட்டு, வெயில் படாமல் வளர்த்த இலையாம். அதனால்தான் அவ்வளவு மெல்லிசு, பால் காப்பி நிறம்.

பற்றவைக்கும் முன் வைக்கோல் வாசனை. முதல் பகுதியில் வறுத்த மல்லாட்டை, கொஞ்சம் பாலாடை. பாதிக்கு வந்தபோது மரவாசனையும் மிளகுக் காரமும் எட்டிப் பார்த்தன. நிமிஷத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் கூடாது, அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும் என்று சொல்லியிருந்தான். நான் அவசரப்பட்டேன், கசந்தது. சாம்பல் வெள்ளையாக ஒரு அங்குலம் விழாமல் நின்றது. நூற்றுக்கு 72 போட்டேன். சுற்றிய கைக்கே அதில் பாதி மார்க்.

புகையிலை வாசனை எனக்குப் புதிதல்ல. குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் அம்மாக்கள் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமே அந்த வாசம் அடிக்கும். நம் உறையூர்ச் சுருட்டு மட்டும் என்ன லேசா? 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே கொலை நடந்த அறையின் சாம்பலைப் பார்த்து 'திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். சுருட்டுப் புகையிலைக்கென்றே வேடசந்தூரில் 1948-இல் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். ஆனால் அதைப் பிடிக்கிற கிழவரை நாற்றம் என்று திண்ணைக்குத் துரத்துவோம். தங்கத்தாள் வளையம் போட்டு வந்தால் மல்லாட்டை, மிளகு என்று ரசனை பேசுவோம். நானும் பேசிவிட்டேன்.

என் அப்பா பிடித்தது நாட்டுச் சுருட்டு. அவரும் புகையை உள்ளே இழுத்தவர் அல்ல, வாயிலேயே வைத்திருந்து விடுவார். "பீடிக்காரன்தான் நெஞ்சைக் கெடுத்துக்கிறான், எனக்கு என்ன" என்பார். இடது கன்னத்தின் உட்புறம் புண் வந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று நாங்கள் ஐந்து மாதம் சும்மா இருந்தோம். கடைசி நாட்களில் கஞ்சியைக்கூடத் துணியில் நனைத்துத்தான் பிழிந்துவிட்டோம். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

அதனால்தான் இந்த 'மைல்டு' என்ற வார்த்தை என்னை உறுத்துகிறது. அது நாக்குக்குப் போடும் மார்க். செடியின் அடி இலை சாது, நுனி இலை காரம்; எதை எவ்வளவு கலக்கிறார்கள் என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. உடம்புக்கு அதில் சலுகை கிடையாது. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. உள்ளே இழுக்காவிட்டாலும் நிக்கோடின் வாய்த்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். உள்ளே இழுக்காதவர்களுக்கும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-லேயே அறிக்கை போட்டது. தோலை மெத்தென்று பதப்படுத்திக் கொடுத்துவிட்டு, ஊறவைத்த தண்ணீரைப் பாலாற்றில் விட்ட கதை நமக்குத் தெரியாததா? தொட்டுப் பார்க்கிற கைக்கு அந்தத் தண்ணீர் தெரியாது.

ராத்திரி போன் பண்ணி, "எப்படி சார் இருந்தது?" என்றான். 72 என்றேன். சந்தோஷப்பட்டான். வாரத்துக்கு ஒன்று பிடிக்கிறானாம், மைல்டுதானாம். அப்பாவின் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "உள்ளே இழுக்கவே மாட்டாரா சார்?" என்று மட்டும் கேட்டான். மாட்டார் என்றேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம்: சாருக்கு ஏதாவது கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் காப்பிக்கொட்டை கொண்டுவாருங்கள். அதற்கும் மார்க் போடுவேன்.