நோட்டுக்குப் பூஜ்யம், நோட்புக்குக்குப் பதினெட்டு

நாகர்கோவிலில் அரசுக் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு லேப்டாப் வந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் பி.காம். படிக்கும் என் தங்கை மகனுக்கோ ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவே எழுபது கிலோமீட்டர்தான். களியக்காவிளையைத் தாண்டினால் வேறு உலகம்.

அந்தச் சீட்டு என் மேசையில்தான் கிடக்கிறது. அரை ஏ4 தாள், மை மங்கிய ஜெராக்ஸ். ‘மாணவர்கள் கீழ்க்கண்ட தகுதியுள்ள லேப்டாப்பை இந்த செமஸ்டருக்குள் வாங்கிவிட வேண்டும்: ஐ5 பிராசசர், 12ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல், ரேம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி, விண்டோஸ் 11, எம்எஸ் ஆபீஸ்.’ அடியில் பேனாவால் ஒரு வரி: பழைய லேப்டாப் ஏற்கப்படாது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். கணக்குப்பதிவியல் படிக்கும் பையனுக்கு 16 ஜிபி எதற்கு என்று தங்கை போய்க் கேட்டிருக்கிறாள். ‘எதிர்காலத்துக்கு’ என்று பதில் வந்ததாம். எதிர்காலம் கடையில் 59,000 ரூபாய்.

தமிழ்நாட்டில் நடந்ததைத் தெரிந்தவர்களுக்கு மறுபடி விளக்க வேண்டியதில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிய திட்டம் பெரும்பாலும் பள்ளி மாணவர்களுக்குப் போனது. 2026 ஜனவரி 5 அன்று ஸ்டாலின் தொடங்கிய ‘உலகம் உங்கள் கையில்’ கல்லூரி மாணவர்களுக்கானது. முதல் கட்டத்தில் பத்து லட்சம் பேர். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. டெல், ஏசர், எச்பி. ‘பத்தாயிரம் ரூபாய்க்கு எந்த லேப்டாப் வரும்’ என்று அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் கேட்டதும், ‘ஒதுக்கிய இரண்டாயிரம் கோடி முதல் பத்து லட்சம் பேருக்குத்தான்’ என்று நிதியமைச்சர் விளக்கியதும் பழைய கதை. இலவசம் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று இன்னும் சிலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த லேப்டாப்பில் படிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு எழுதினால் படிக்கலாம்.

எனக்கு அந்த லேப்டாப்பில் பிடித்தது வேறு. தமிழ்நாடு அரசு லட்சக்கணக்கான மாணவர்களுக்கு எது போதும் என்று உட்கார்ந்து யோசித்து, எட்டு ஜிபி போதும் என்று முடிவுசெய்திருக்கிறது. அந்த லட்சக்கணக்கில் பொறியியல் மாணவர்களும் உண்டு. இங்கே ஒரு பி.காம். துறைக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டியிருக்கிறது.

கேரளம் முயலவில்லை என்று சொன்னால் பாவம். பட்டியல் சாதி மாணவர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் வழியாக லேப்டாப் கொடுக்கிறார்கள். கோவிட் காலத்தில் அரசின் சிட்டி நிறுவனமான கேஎஸ்எஃப்இயும் பெண்கள் சுயஉதவிக் குழு அமைப்பான குடும்பஸ்ரீயும் சேர்ந்து ‘வித்யாஸ்ரீ’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தன. மாதம் 500 ரூபாய், 30 மாதச் சிட்டி (நம் ஊர்ச் சீட்டுப்பணம்), மூன்று தவணை கட்டினால் கையில் லேப்டாப். குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்துப் (அண்டை வீட்டுக் குழு) பெண்களுக்குச் சிட்டி புரியும், தவணை புரியும். இவ்வளவு அழகாக ஊரோடு ஒட்டிய திட்டத்தை நான் பார்த்ததில்லை. அதில் சேர்ந்த லேப்டாப்களில் ஒன்று ‘கொக்கோனிக்ஸ்’. மாநில அரசின் கெல்ட்ரான், கேஎஸ்ஐடிசி, தனியார் நிறுவனமான யுஎஸ்டி குளோபல் ஆகியவை கூட்டாக இதே திருவனந்தபுரத்தின் மண்விளையில் தயாரித்த கேரளத்தின் சொந்த லேப்டாப். 1973இல் கே.பி.பி. நம்பியார் கெல்ட்ரானைத் தொடங்கி வைத்த ஊருக்கு அது பெருமைதான். பெட்டியைப் பிரித்தவர்களில் சிலருக்கு அது ஆனே ஆகவில்லை. புகார்கள் வந்தன, மாற்றித் தரச் சொன்னார்கள், இன்னொரு பக்கம் சொன்ன தேதிக்குச் சரக்கு வரவில்லை. கடைசியில், கடையில் வாங்கி பில்லைக் கொண்டுவாருங்கள், கடன் தருகிறோம் என்று முடிந்தது. மலையாளிக்குச் சொந்தமாக ஒரு லேப்டாப் என்ற கனவு, மலையாளிக்குச் சொந்தமாக ஒரு கடன் என்று சுருங்கியதை நான் அன்றே எழுதியிருக்க வேண்டும். சோம்பேறித்தனம்.

போகட்டும், வரிக்கு வருகிறேன். என் நண்பர்கள் இந்த இடத்தில் எழுந்து போய்விடுவார்கள். வாசகர்கள் உட்கார வேண்டும்.

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56ஆவது ஜிஎஸ்டி கவுன்சில், பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகத்துக்கு இருந்த 12 சதவீத வரியைப் பூஜ்யமாக்கியது. பென்சில், ஷார்ப்னர், ரப்பர், வரைபடம் எல்லாம் பூஜ்யம். நல்லது. அதே கூட்டத்தில் ஏர்கண்டிஷனரின் வரி 28இலிருந்து 18 ஆனது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவியும் 28இலிருந்து 18. லேப்டாப்? 18இல் இருந்தது, 18இலேயே இருக்கிறது. செப்டம்பர் 22 முதல் இந்த நாட்டில் படுக்கையறையைக் குளிர்விக்கும் பெட்டிக்கும் பி.காம். மாணவனின் லேப்டாப்புக்கும் ஒரே வரி. ஏசிக்காரர்களுக்கு பத்து சதவீதம் இறங்கியதற்குப் பத்திரிகைகள் முழுப்பக்க விளம்பரம் போட்டன. மாணவனுக்கு இறங்காததற்கு யார் விளம்பரம் போடுவது?

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 59,000 ரூபாய் லேப்டாப்பின் விலை 50,000. மிச்சம் 9,000 வரி. அதில் 4,500 டெல்லிக்கு, 4,500 திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு. இதே லேப்டாப்பை டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனி வாங்கினால் அந்த 9,000 ரூபாயை உள்ளீட்டு வரி வரவு என்று சொல்லித் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும். அதோடு நிற்காது. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். முதல் வருடமே 20,000 ரூபாயைச் செலவாக எழுதிவிடும். மூன்று நான்கு வருடத்தில் ஏடுகளில் அதன் மதிப்பு ஒரு நல்ல செருப்பின் விலைக்கு வந்ததும் மொத்த வியாபாரியிடம் தள்ளிவிடும். ஜிஎஸ்டி எண் இல்லாத மாணவனுக்கு இந்த வசதி ஒன்றும் கிடையாது. முழு வரியையும் சுமப்பவன் இந்தச் சங்கிலியில் அவன் ஒருவன்தான்.

உள்நாட்டில் லேப்டாப் தயாரிப்பவர்களுக்கு 2023 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒதுக்கிய ஊக்கத்தொகை 17,000 கோடி. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று லேப்டாப் இறக்குமதிக்குத் தடுப்புப் போட்டு, மறுநாளே அதைத் தள்ளிவைத்த கூத்தும் நினைவிருக்கும். தயாரிப்பவருக்கு ஊக்கம், வாங்கும் கம்பெனிக்கு வரவு, படிப்பவனுக்கு 18 சதவீதம். இதற்குப் பெயர் டிஜிட்டல் இந்தியா.

கேரள அரசு இதில் நல்லவன் வேடம் போட முடியாது. ஜிஎஸ்டி குறைப்பால் வருவாய் போகிறது என்று கவுன்சிலில் குரல் கொடுத்தது 2025இல் இங்கே ஆண்ட இடதுசாரி அரசு. போகிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 4,500 ரூபாய் மாநிலத்தின் கைக்கு வருகிறதே, அதை வாங்கிக்கொண்டு மாணவனுக்கு என்ன செய்தீர்கள்? எல்லையின் அந்தப் பக்கத்து அரசு லேப்டாப் கொடுத்தது. இந்தப் பக்கத்து அரசு லேப்டாப் வாங்குகிறவனிடம் காசு வாங்குகிறது. நான் இடதுசாரிகளின் விரோதி இல்லை. விரோதியாக்கிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

வரியைவிட எனக்கு எரிச்சலூட்டுவது அந்தத் துண்டுச்சீட்டின் நான்காவது வரி: விண்டோஸ் 11.

என் தங்கை மகன் சாலைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். தமிழில் அச்சிட்ட ஐசிடி பாடப்புத்தகத்தைப் பார்த்து லினக்ஸில் கணினி கற்றவன். ஜிம்ப்பில் படம் திருத்துவான், இங்க்ஸ்கேப்பில் வரைவான், லிப்ரே ஆபீஸில் பட்டியல் போடுவான். பூஜப்புரையில் இருக்கும், பள்ளிக் கணினிக் கல்வியைக் கவனிக்கும் அரசின் ‘கைட்’ நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தானே உருவாக்கும் இயங்குதளத்தைப் பள்ளிகளின் கணினிகளில் போட்டிருக்கிறது. உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி மிச்சம் என்று அவர்களே பெருமையாகச் சொன்னார்கள். 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்திய அமைப்பு தொடங்கப்பட்டது இந்த ஊரில்தான்; அதற்கு அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து நின்றார். எனக்குத் தெரிந்து இந்தியாவில் வேறெந்த மாநிலமும் பள்ளிகளில் லினக்ஸை இருபது ஆண்டுகள் பொறுமையாக நடத்தவில்லை.

பன்னிரண்டு வருடம் லினக்ஸில் வளர்ந்த பிள்ளை கல்லூரி வாசலுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றிவிட்டு வா என்பதுபோல அதைக் கழற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள். ஏன்? டேலி என்ற கணக்கு மென்பொருளுக்காக என்பார்கள். டேலி விண்டோஸ் கேட்கும், உண்மைதான். அதற்குக் கல்லூரியில் லேப் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அவன் செய்வது தட்டச்சு, எக்செல் போல ஒரு பட்டியல், பிடிஎஃப், கூகிள் மீட். இதற்கு 16 ஜிபி என்று எழுதியவர் லேப்டாப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை; கடைக்காரர் கொடுத்த நோட்டீஸைப் பார்த்து எழுதியிருக்கிறார். இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அந்தச் சீட்டை வாசித்த எவருக்கும் ஆதாரம் தேவைப்படாது.

அதுவும் எந்த வருடத்தில்? செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலகத்தின் மெமரி சிப்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிற வருடத்தில். மைக்ரான் நிறுவனம் கடைகளுக்குப் போகும் ‘குருஷியல்’ பிராண்டையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ரேம் விலை ஏறிக்கொண்டே போகும்போது ரேமை இரட்டிப்பாகக் கேட்பதுதான் எதிர்காலப் பார்வையா? கூடவே 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. டிபிஎம் 2.0 இல்லை, பிராசசர் பழசு என்று விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் லேப்டாப்கள் நாட்டில் எத்தனையோ. அவற்றில் பலவும் லினக்ஸைப் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். கேரளத்தில் அதைப் போடத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

கட்டடக்கலை, வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் படிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். கல்லூரி லேபில் இல்லையென்றால் கல்லூரியைத்தான் கேட்க வேண்டும். மீதிப் பேருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: 8 ஜிபி ரேம், அதுவும் பின்னால் கூட்ட முடிகிற மாதிரி ஒரு ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும், போர்டோடு ஒட்டிவைத்ததை வாங்காதீர்கள், 256 ஜிபி எஸ்எஸ்டி, இஎம்எம்சி (வேகம் குறைந்த சேமிப்பு) என்று எழுதியிருந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மெல்லிசாகப் பளபளக்கும் புதுசைவிட, கம்பெனிகள் கழித்த கனமான பழசு கல்லூரிப் பையைத் தாங்கும்.

அரசு செய்ய வேண்டியதும் சுலபம். போனஃபைட் சான்றிதழும் பில்லும் கொண்டுவரும் மாணவனுக்கு மாநிலத்தின் பங்கான ஒன்பது சதவீதத்தைத் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பாடத்துக்கு எந்த மென்பொருள், அதற்கு எவ்வளவு ரேம் என்று காரணம் காட்டாத சீட்டு எதுவும் எந்தக் கல்லூரியிலிருந்தும் வெளியே போகக் கூடாது என்று பல்கலைக்கழகம் உத்தரவு போடட்டும். கைட் தன் இயங்குதளத்தைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தாமல் காரியவட்டம் பல்கலைக்கழக வளாகம் வரைக்கும் கொண்டுபோகட்டும். இந்த மூன்றும் நடந்தால் இரண்டே வருடத்தில் கேரளத்தில் இஎம்ஐ கட்டி லேப்டாப் வாங்கும் மாணவனே இருக்க மாட்டான்.

சென்ற சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு தம்பானூர் பக்கம் ஒரு மாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தென்காசிக்காரர். அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு திங்க்பேடை எடுத்து வைத்தார். மூடியில் யாரோ ஒரு கம்பெனியின் சொத்து எண் ஒட்டியிருந்த இடத்தில் பிசின் தடம். ‘எஸ்’, ‘டி’ இரண்டு எழுத்தும் தேய்ந்து மினுமினுத்தன. பையன் ஒற்றை விரலால் மூடியைத் திறந்து பார்த்தான். கீல் ஆடவில்லை. அடிப்பலகைத் திருகைக் கழற்றச் சொல்லி ரேம் ஸ்லாட்டைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்த பென்டிரைவைச் சொருகி லினக்ஸை ஏற்றினான். இரண்டு நிமிடத்தில் தமிழ் எழுத்து திரையில் வந்தது.

“மாமா, இது போதும்” என்றான்.

விலை கேட்டேன். கடைக்காரர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “பில்லு போட்டா ஒரு ரேட்டு, போடாட்டி ஒரு ரேட்டு. எது வேணும் அண்ணாச்சி?” என்றார்.

பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் அந்த 18 சதவீதத்தைப் பற்றி அவனுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருந்தேன், வரும் வழியெல்லாம்.