ஒரு பங்கு இருளருக்கும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேட்டில் ஒரு பங்கீட்டுக் கணக்கு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கூரத்துச் சிவன் கோயிலுக்குப் பரமேசுவரமங்கலம் என்ற ஊரைக் கொடையாக எழுதிவைத்தான். அதை 25 பங்காக்கி, எது யாருக்கு என்றும் சொல்லியிருக்கிறான். பெரும்பகுதி நான்மறை கற்றவர்களுக்கு. ஒரு பங்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு. ஊர் கூடிக் கேட்க ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் அவருடைய சாப்பாட்டுக்கு வழி செய்ய வேண்டும் என்பது 1,300 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் எழுதப்பட்ட விதி. யாருடைய அறிவுக்குப் பங்கு, யாருடையதற்கு இல்லை என்பதும் அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

இன்று இதே மாவட்டத்தில் ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்க நம் பள்ளிக்கூட அட்டவணையில் ஒரு பீரியடும் கிடையாது.

அவர்களுக்கு அப்படி என்ன தெரியும்? வயல் வரப்பில் ஒரு வளை. நமக்கு அது வெறும் பொந்து. இருளர் பெரியவர் அதன் முன் குந்தி உட்காருகிறார். வளையின் வாயில் ஒட்டடை படிந்திருந்தால் சமீபத்தில் எதுவும் உள்ளே போகவில்லை. விளிம்பு மண் வழவழவென்று தேய்ந்திருந்தால் ஏதோ ஊர்ந்து போய் வருகிறது. எலியின் கால்தடம் புதிதா பழையதா, பக்கத்தில் பாம்பு உரித்த சட்டைத் துணுக்கு கிடக்கிறதா, எச்சம் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் கடப்பாரையைத் தொடுகிறார். வளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கிறார். உற்றுநோக்கு, ஊகம் செய், சரிபார் என்று அறிவியல் புத்தகம் எதைக் கற்றுத் தர முயல்கிறதோ, அதை அவர் பத்து நிமிடத்தில் செய்து காட்டிவிடுகிறார்.

இந்தத் திறமையின் மேல்தான் நாட்டின் பாம்புக்கடி விஷமுறிவு மருந்தே நிற்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றுபோய்ப் பிழைப்பு இழந்த இருளர்களுக்காக, ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. வடநெம்மேலியில் உள்ள அந்தச் சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் மண்பானைகளில் வைத்து, சில முறை விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். 2017இல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவே அழைத்த அந்த அறிவை, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் இன்னும் அழைக்கவில்லை.

அந்த வளையைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வகுப்பில் கடைசி வரிசைதான் கிடைக்கிறது. அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போனால் அதுவும் கூடவே போகிறது. திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். மேல்படிப்பு என்று வந்தால் சாதிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடை. ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்ற பெயர் மட்டும் சீக்கிரமே வந்துவிடுகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது.

பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு பாடத்தை இணைக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே சொன்னது. ஆனால் பழங்குடியினர் பள்ளிக்குள் வருவது பெரும்பாலும் ஆண்டு விழா நடனமாகவோ, பாடப்புத்தகத்தில் ஒரு படமாகவோதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023-24 கல்வியாண்டு முதல், தொல்குடிகளைப் பற்றிய பாடத்தைப் படிக்காமல் பள்ளி இறுதியைத் தாண்ட முடியாது. அங்கும் பல தலைமுறைப் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்து மொழியை மறக்கடித்த பிறகு வந்த திருத்தம்தான் அது.

ஓர் எச்சரிக்கை தேவை. இருளருக்குப் பச்சிலைகள் நிறையத் தெரியும் என்பதற்காகப் பாம்புக்கடிக்குப் பச்சிலை என்று வகுப்பில் சொல்லிவிடக் கூடாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. கடிபட்டால் உடனே அரசு மருத்துவமனைதான். பாம்பு எங்கே தங்கும், எப்போது வெளியே வரும், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கட்டுவிரியன் வலியே தெரியாமல் கடிக்கும் என்பதையெல்லாம் இருளர் சொல்லட்டும். எதைச் சொல்வது, எதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வது என்பதும் அவர்கள் முடிவாகவே இருக்கட்டும்.

சொல்ல வருபவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டு வருகிறவருக்குப் பொன்னாடையும் டீயும் போதாது. பட்டம் கேட்காமல், கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு சிறப்பாசிரியர் ஊதியம் என்றே பதிவேட்டில் எழுதிக் கொடுக்கலாம். பாட்டியோ பெரியப்பாவோ கரும்பலகை முன்னால் நிற்க, தலைமையாசிரியர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பதைக் கடைசி வரிசைப் பிள்ளை ஒரு தடவை பார்க்கட்டும்.

இதே மாவட்டத்தின் உத்திரமேரூர் ஒன்றியத்திலேயே தொடங்கலாம். ஐப்பசி மழையில் வளைகளுக்குள் தண்ணீர் ஏறினால் பாம்பு மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். புரட்டாசிக்குள் அந்த முதல் வகுப்பு நடந்துவிட வேண்டும்.