தவிலைப் பிரிச்சுக் காட்டச் சொன்னா அது அவமானமா?

நாதஸ்வரம், தவில், பறையோட விமானம் ஏறுறதைப் பத்தி ஒரு டாக்டர் எதுக்கு எழுதணும்னு கேட்பீங்க. காரணம் இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஆலத்தியூர், அரியலூர், பெரம்பலூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு வெளிநாடு போக திருச்சி ஏர்போர்ட்தான் பக்கம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கைக் கோயில் விசேஷங்களுக்குப் போற மேளக்காரர்களும் பறைக் குழுவும் அந்த வழியாத்தான் போகணும். செக்கிங்ல வாத்தியத்தைப் பிரிச்சுக் காட்டச் சொன்னா அவங்களுக்கு மனசு நோகும். சாமி மாதிரி கும்பிடுற பொருள் அது.

என் கருத்து இதுதான்: சோதிக்கிறது தப்பில்ல. எதை, ஏன் சோதிக்கிறோம்னு முன்கூட்டியே சொல்லாம விடுறதுதான் தப்பு.

விமானப் பயணத்துல நாம தாண்ட வேண்டியது மூணு வாசல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பயம்.

முதல் வாசல், பாதுகாப்புச் சோதனை. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேல எலும்பு வெள்ளையா தெரியும். ஏர்போர்ட் எக்ஸ்ரே கலர்ல காட்டும். மரம், தோல், துணி, சாப்பாடு எல்லாம் ஆரஞ்சு, உலோகம் நீலம். சிக்கல் என்னன்னா, பெரும்பாலான வெடிமருந்தும் ஆரஞ்சாத்தான் தெரியும்.

இப்ப நாதஸ்வரத்தை யோசிங்க. நீளமான மரக்குழாய், உச்சியில உலோகக் கெண்டை. தவில்னா பலாமரக் கட்டை, சுத்தி இரும்பு வளையம், நட்டு, போல்ட்டு. ராணுவ அணிவகுப்புல வாசிக்கிற பேக்பைப்பும் இப்படித்தான், ஒரு பையில சொருகின குழாய்கள். திரையைப் பார்க்கிறவருக்கு முடிவெடுக்க சில நொடிதான். சந்தேகம் வந்தா திறந்து பார்க்கிறது அவர் கடமை.

ஆனா கிடாரும் வயலினும் எல்லாருக்கும் பழக்கமான உருவம். சாக்குத் துணியில சுத்தி வர்ற பறை அப்படி இல்ல. இந்தப் பழக்கமின்மைக்கான விலையை கலைஞர் மட்டும் ஏன் கொடுக்கணும்?

நம்ம பக்கம் செய்யக்கூடியது: சீவாளி குத்துற ஊசி, பறைக்குச்சி, போல்ட்டு முடுக்குற ஸ்பேனர் எல்லாம் செக்-இன் பெட்டியில போகட்டும். தவில் கூடு கட்டுற பசையும் அங்கேயே. பறை காய்ச்சணுமேன்னு தீப்பெட்டி, லைட்டர் எதிலயும் வைக்க வேண்டாம், போன இடத்துல வாங்கிக்கலாம். வாத்தியத்தைப் பிரிக்கணும்னா, "நானே பிரிச்சுக் காட்டுறேங்க"ன்னு பணிவா கேளுங்க.

இரண்டாவது வாசல், விமான நிறுவனம். இவங்களுக்கு இடமும் எடையும்தான் கவலை. இந்திய விமானங்கள்ல சாதாரண வகுப்புக்கு கைப்பை பெரும்பாலும் 7 கிலோ. தவில் அதுல அடங்காது. கீழே சரக்குப் பகுதிக்குத்தான் போகும், அதனால கெட்டியான பெட்டி அவசியம். அமெரிக்காவுல 2012ல சட்டம் போட்டு, 2015ல இருந்து விதியாவே நடைமுறையில இருக்கு: ஏறும்போது மேல்தட்டுல இடம் இருந்தா, சின்ன வாத்தியத்தைக் கைப்பையா ஏத்திக்கணும். ஊழியரோட மனநிலையைப் பொறுத்த விஷயமா அதை விடல. இங்கேயும் அப்படி எழுதி வைக்கணும்.

மூணாவது வாசல், இறங்குற நாட்டோட தனிமைப்படுத்தல் மற்றும் வனவிலங்குச் சோதனை. நம்மாளுங்க அதிகம் கோபப்படுறது இங்கேதான். என் துறையும் இங்கேதான் வருது.

மாடு, ஆட்டுக்கு வர்ற அடைப்பான் நோய் தெரியும்ல? ஆந்த்ராக்ஸ். அந்தக் கிருமியோட வித்துகள் பதப்படுத்தாத தோல்ல வருஷக்கணக்கா உயிரோட இருக்கும். 2006ல ஸ்காட்லாந்துல ஒருத்தரும், 2008ல லண்டன்ல தோல் வாத்தியம் செய்யற ஒருத்தரும் இப்படித்தான் இறந்தாங்க. பயப்பட வேண்டாம், வாசிக்கிறவங்களுக்கு இந்த ஆபத்து ரொம்ப ரொம்பக் குறைவு. ஆனா ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள் தோல் வாத்தியத்தை "இருக்கு"ன்னு அட்டையில எழுதச் சொல்றதுல நியாயம் இருக்கு. மறைச்சா அபராதம். எழுதிக் காட்டினா பார்த்துட்டு முடிவு சொல்லுவாங்க.

தந்தமும் அப்படித்தான். சில பழைய நாதஸ்வரங்கள்ல தொங்குற ஊசி தந்தத்துல இருக்கும். 2014ல கனடாவுல இருந்து திரும்பின ரெண்டு அமெரிக்க இளைஞர்களோட பேக்பைப்பை, அதுல தந்தம் இருந்ததால எல்லையில பறிமுதல் செஞ்சாங்க. பிறகுதான் திரும்பக் கிடைச்சுது. தந்த ஊசியை வீட்டுல வெச்சுட்டுப் போங்க.

இன்னொரு கதை. தினமும் பேக்பைப் வாசிச்ச 61 வயசுக்காரர் ஒருத்தர். வருஷக்கணக்கா இருமல், மூச்சுத்திணறல். வாத்தியத்தை வீட்டுல விட்டுட்டு மூணு மாசம் ஆஸ்திரேலியா போனார், மூச்சு நல்லா தேறிச்சு. திரும்பி வந்து வாசிச்சதும் மறுபடி மோசம். 2014ல இறந்துட்டார். வாத்தியத்தோட ஈரமான உட்பகுதியில பூஞ்சைகள் வளர்ந்திருந்துச்சு. 2016ல தோராக்ஸ் மருத்துவ இதழ்ல இது வெளியாச்சு.

அதனால ஊதுற வாத்தியம் எதுவா இருந்தாலும் வாசிச்சதும் துடைச்சு, உலர வெச்சுப் பெட்டியில போடுங்க. சீவாளியை மாத்தி மாத்தி வாசிக்காதீங்க. இருமல் விடலைன்னா, என்ன வாத்தியம் வாசிக்கிறீங்கன்னு டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

அரசுக்கு என் கோரிக்கை ரெண்டுதான். கலை பண்பாட்டுத் துறையும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் சேர்ந்து, இந்த மூணு வாசலையும் ஒரே பக்கத்துல தமிழ்ல அச்சடிச்சு வெளிநாடு போற ஒவ்வொரு கலைஞர் கையிலயும் கொடுக்கணும். தமிழ்நாட்டு விமான நிலையங்கள்ல சோதனை செய்யறவங்களுக்கு நம்ம வாத்தியங்களோட எக்ஸ்ரே படங்களைப் பயிற்சியிலயே காட்டணும்.

செலவு பெருசா இல்லை. நாற்பது வருஷம் தோள்ல சுமந்த தவிலை ஒருத்தர் தலைநிமிர்ந்து எடுத்துட்டுப் போகலாம்.

உங்க ஊர் மேளக்காரருக்கு இதை அனுப்புங்க.

பொதுநல மருத்துவர்,
ஆலத்தியூர்