ப்ரீ-லா படிக்க ரெண்டு ஆஃபர்... எதைத் தேர்ந்தெடுப்பது?

ஏப்ரல் வந்தாலே அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே பேச்சுதான்: "எந்த காலேஜ்?" பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு மே 1-க்குள் பதில் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ஆலோசனை சொல்ல பத்துப் பேர் வருவார்கள். பிள்ளை "நான் வக்கீலாகப் போறேன்"னு சொன்னால், விவரம் கேட்கக்கூட வீட்டில் ஆள் இருப்பதில்லை.

ஓர் உதாரணம். வாஷிங்டன் டிசியில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம், அமெரிக்கன் பல்கலைக்கழகம் என இரண்டு தனியார் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரு மாணவிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதில் சேர்வது?

ப்ரீ-லா என்பது பட்டமா?

பெரும்பாலும் இல்லை. இந்தியாவில் ப்ளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். அமெரிக்காவில் அப்படிக் கிடையாது. முதலில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம், பிறகு மூன்று ஆண்டு ஜே.டி. என்ற சட்டப் படிப்பு. மொத்தம் ஏழு ஆண்டுகள். அந்த முதல் நான்கு ஆண்டுகளில் 'சட்டம் படிக்கப் போகிறேன்' என்று தயாராவதற்குத்தான் ப்ரீ-லா என்று பெயர். வரலாறு, பொருளாதாரம், கணிதம் என எதைப் படித்தாலும் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். குறிப்பிட்ட ஒரு பாடத்தைப் படிக்கச் சொல்லி அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் பரிந்துரைப்பதில்லை.

சட்டக் கல்லூரி எதைப் பார்க்கும்?

முக்கியமாக இரண்டு எண்கள்: ஜி.பி.ஏ. மதிப்பெண், 120 முதல் 180 வரை மதிப்பிடப்படும் எல்சாட் தேர்வு. இவற்றோடு பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், கட்டுரை. ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் தன்னிடம் சேர்ந்தவர்களின் இடைநிலை (மீடியன்) எண்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். '509 அறிக்கை' என்று தேடினால் போனிலேயே பார்க்கலாம்.

"சொந்த சட்டக் கல்லூரி இருக்கே, சீட் ஈஸியா கிடைக்குமே?"

நம்பாதீங்க. மேலே சொன்ன இரண்டு பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரி உண்டு. ஆனால் அங்கே இளநிலை படித்ததாலேயே சட்டக் கல்லூரியில் இடம் உறுதியாகிவிடாது. திரும்ப விண்ணப்பித்து, எல்லாரோடும் போட்டி போட வேண்டும்.

வாஷிங்டன் என்பதே பிளஸ் இல்லையா?

பிளஸ்தான். நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாம் மெட்ரோ தூரம். ஆனால் அந்த வசதி இரண்டு பல்கலைக்கும் பொது. இன்னொன்று: எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது, 21 வயதானால் அந்த விசாவும் போய்விடும். அவர்களுக்கு மத்திய அரசின் கல்விக் கடனும் கிடையாது. இன்டர்ன்ஷிப்பை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் விசாவைப் பாருங்கள்.

அப்போ எதை வைத்து முடிவெடுப்பது?

பில்லை வைத்து. இரண்டிலும் விடுதி, சாப்பாடு சேர்த்து அறிவிக்கப்பட்ட செலவு ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். உதவித்தொகை கழித்து நாம் கட்டுவதுதான் உண்மையான விலை. ஒன்றில் 45,000, இன்னொன்றில் 30,000 டாலர் என்று வந்தால், நான்கு ஆண்டுகளில் வித்தியாசம் 60,000 டாலர். நம்ம கணக்கில் 50 லட்சம் ரூபாய்க்கு மேல். அதற்குப் பிறகுதான் சட்டக் கல்லூரிக் கட்டணமே ஆரம்பிக்கும்.

குடியுரிமை உள்ளவர்களுக்கும் இனி கடன் எளிதல்ல. 2026 ஜூலை 1 முதல், புதிதாகச் சேரும் சட்ட மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. செலவு முழுவதையும் ஈடுகட்டிய 'கிராட் பிளஸ்' கடனும் புதியவர்களுக்கு இல்லை. மீதிக்குத் தனியார் வங்கிதான். இளநிலையிலேயே கடனில் மூழ்கியவர், வக்கீலானதும் மனித உரிமை வழக்கோ, ஏழைகளுக்கான சட்ட உதவியோ பார்க்க ஆசைப்பட்டாலும், தவணை கட்டவே பெரிய சம்பளத்தைத் தேடி ஓட வேண்டியிருக்கும். வக்கீல் ஆகணும் என்ற அந்த ஆசையே இந்த இடத்தில்தான் அடிபடுகிறது.

மே 1-க்கு முன் செய்ய வேண்டியவை

* உதவித்தொகை நான்கு ஆண்டுக்கும் உண்டா, அதைத் தக்கவைக்க எவ்வளவு ஜி.பி.ஏ. வேண்டும் என எழுத்தில் கேளுங்கள்.
* ப்ரீ-லா ஆலோசகர் யார், ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்று விசாரியுங்கள்.
* முதலாண்டு வகுப்பில் எத்தனை பேர் என்று பாருங்கள். 200 பேர் வகுப்பில் பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரியாது. பரிந்துரைக் கடிதமும் கனமாக இருக்காது.
* விலை அதிகமான பல்கலைதான் பிடித்திருக்கிறதா? மற்றதன் ஆஃபரைக் காட்டி, உதவித்தொகையைக் கூட்டித் தரச் சொல்லி மெயில் போடுங்கள். கேட்பதில் தவறில்லை, அங்கே அது வழக்கம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டும் சமமாகத் தெரிந்தால், கடன் குறைவாக வரும் பல்கலைக்கே எங்கள் ஓட்டு.