பதினோரு மாதப் பிரதமர் விட்டுச் சென்ற கணக்கு

வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிவாரிக் கணக்கும் எடுக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு அறிவித்தது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் கணக்கெடுப்பு இது. எல்லாச் சாதிகளையும் எண்ணி, அந்த எண்ணிக்கையை வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு ஆங்கிலேயர் காலத்தில், 1931-இல் நடந்தது. மண்டல் குழுவும் அந்தப் பழைய கணக்கை வைத்துக்கொண்டுதான் பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர் என்று மதிப்பிட்டது.

அந்தக் குழுவின் அறிக்கையைத் தூசி தட்டி எடுத்துச் சட்டபூர்வ ஆணையாக்கிய பிரதமரும் அதே 1931-இல் பிறந்தவர்தான். இன்று எல்லாக் கட்சிகளும் சாதிக் கணக்கெடுப்புக்கு உரிமை கொண்டாடுகின்றன. வி.பி.சிங் பெயரைத்தான் யாரும் அதிகம் சொல்வதில்லை. நம் சமுதாயத்திலும் இளைய தலைமுறைக்கு அவரைத் தெரியாது. மூத்தவர்களோ, பாபர் மஸ்ஜிதுக்காக ஆட்சியை இழந்தவர் என்ற ஒற்றை வரியில் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த வரி தவறில்லை, ஆனால் முழுக்கதை அதுவல்ல. அந்த முழுக்கதை தெரிந்தால்தான் இன்றைய கணக்கெடுப்பில் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகும்.

முராதாபாத்தில் தொடங்கும் கதை

அலகாபாத் பகுதியின் ஜமீன் குடும்பம் ஒன்றில் பிறந்து, மாண்டா அரச குடும்பத்துக்குத் தத்துப் போனவர் விஸ்வநாத் பிரதாப் சிங். இளம் வயதில் பூதான இயக்கத்துக்குத் தம் நிலத்தைக் கொடுத்தவர். 1969-இல் உத்தரப் பிரதேச சட்டமன்றத்துக்கும், 1971-இல் மக்களவைக்கும் காங்கிரஸ் சார்பில் தேர்வானார். 1980 ஜூனில் இந்திரா காந்தி அவரை உ.பி. முதலமைச்சராக்கினார்.

அடுத்த இரண்டே மாதத்தில், 1980 ஆகஸ்ட் 13 அன்று, நோன்புப் பெருநாள் தொழுகைக்காக முராதாபாத் ஈத்காவில் திரண்டிருந்த மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அன்று தொடங்கிய வன்முறை பல வாரங்கள் நீடித்தது. அரசுக் கணக்கிலேயே எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மக்கள் சொல்லும் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. விசாரணைக் குழு 1983-இல் அறிக்கை தந்தது. அது உ.பி. சட்டமன்றத்தில் வைக்கப்பட்டதோ 2023-இல், நாற்பது ஆண்டுகள் கழித்து.

துப்பாக்கிச் சூடு நடந்த நாளில் முதலமைச்சர் வி.பி.சிங்தான். அவரைப் போற்றும் கட்டுரைகள் இதை விட்டுவிடுகின்றன. நாம் விடக்கூடாது. நீதியின் பக்கம் நின்ற ஒருவரை நினைவுகூரும்போது, அவர் நீதி செய்யத் தவறிய இடத்தையும் சொல்வதுதான் நேர்மை.

கொள்ளையர்களை ஒடுக்க முடியவில்லை என்று பொறுப்பேற்று 1982-இல் அவர் பதவி விலகினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நீதிபதியாக இருந்த அவருடைய அண்ணனும் கொள்ளையரால் கொல்லப்பட்டிருந்தார். வாக்குறுதியை நிறைவேற்ற முடியாவிட்டால் நாற்காலியை விட்டு எழுந்துவிடும் வழக்கம் அவரிடம் அப்போதே இருந்தது.

ராஜீவ் காந்தி அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தபோது வரி ஏய்ப்புச் செய்த பெருமுதலாளிகள் மீது சோதனைகள் நடத்தினார். 1987 ஜனவரியில் அங்கிருந்து பாதுகாப்புத் துறைக்கு மாற்றப்பட்டார். அங்கே நீர்மூழ்கிக் கப்பல் பேரத்தில் தரகுப் பணம் கைமாறியதாக வந்த தகவலை விசாரிக்க உத்தரவிட்டார். எதிர்ப்பு கிளம்பவே ஏப்ரலில் பதவி விலகினார். சில நாட்களில் ஸ்வீடன் வானொலி போஃபர்ஸ் ஊழலை வெளியிட்டது. கட்சி அவரை வெளியேற்றியது.

ஊன்றுகோலே இடறிய ஆட்சி

1988-இல் ஜனதா தளம் பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையில், திமுகவும் தெலுங்கு தேசமும் சேர்ந்த தேசிய முன்னணி தொடங்கப்பட்டது. 1989 நவம்பர் தேர்தலுக்கு முன் அயோத்தியில் கோயிலுக்கு அடிக்கல் நாட்ட ராஜீவ் அரசு அனுமதித்தது. பீகாரின் பாகல்பூரில் முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டனர். வட இந்திய முஸ்லிம்கள் காங்கிரசை விட்டு விலகினார்கள். அந்த வாக்குகள் பெருமளவில் ஜனதா தளத்துக்குச் சென்றன.

தேர்தலில் காங்கிரசுக்கு 197 இடங்களும் ஜனதா தளத்துக்கு 143 இடங்களும் கிடைத்தன. 1984-இல் வெறும் 2 இடங்கள் பெற்றிருந்த பாஜக 85 இடங்களுக்குத் தாவியது. டிசம்பர் 2 அன்று வி.பி.சிங் பிரதமரானார். இடதுசாரிகள் ஒரு பக்கமும் பாஜக மறுபக்கமும் வெளியிலிருந்து தாங்கிய ஆட்சி அது. காங்கிரசை வீழ்த்துவதற்காக பாஜகவோடு செய்துகொண்ட தொகுதி உடன்பாடு, அந்தக் கட்சியின் வளர்ச்சிக்கு உரமானது என்பதை மறுக்க முடியாது. இந்தத் தவறின் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை, நாமும் கொடுத்தோம்.

நாட்டின் முதல் முஸ்லிம் உள்துறை அமைச்சராக முஃப்தி முஹம்மது சயீதை அவர் நியமித்தார். அதே அரசுதான் 1990 ஜனவரியில் ஜக்மோகனைக் காஷ்மீர் ஆளுநராக அனுப்பியது. அவர் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே ஸ்ரீநகரின் கவ்கதல் பாலத்தில் ஊர்வலம் சென்ற மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இதுவும் அவரது ஆட்சிக் கணக்கில்தான் சேரும்.

அந்தத் தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களில் 38-ஐ காங்கிரஸ் - அதிமுக அணி வென்றது. திமுகவுக்கு ஓரிடம்கூட இல்லை. ஆனாலும் திமுகவின் முரசொலி மாறனுக்கு மத்திய அமைச்சரவையில் இடம் தந்தார். பல்லாண்டுகளாகத் தமிழகம் கேட்டுவந்த காவிரி நடுவர் மன்றத்தை 1990 ஜூனில் அமைத்தார். இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படையைத் திரும்ப அழைத்தார். அண்ணல் அம்பேத்கருக்கு பாரத ரத்னா வழங்கப்பட்டதும், மீலாது நபி நாளுக்குப் பொது விடுமுறை அறிவிக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான்.

மண்டலும் ரதமும்

மண்டல் குழுவை மொரார்ஜி தேசாய் அரசு நியமித்தது. 1980 டிசம்பர் 31 அன்று அறிக்கை ஒப்படைக்கப்பட்டது. இந்திரா ஆட்சியிலும் ராஜீவ் ஆட்சியிலும் அது பரணில் கிடந்தது. 1990 ஆகஸ்ட் 7 அன்று, மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு ஒதுக்கீடு என்று வி.பி.சிங் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

துணைப் பிரதமர் தேவிலாலைப் பதவியிலிருந்து நீக்கிய ஒரு வாரத்துக்குள் இந்த அறிவிப்பு வந்தது. தேவிலாலின் செல்வாக்கை முறியடிக்க ஆடிய ஆட்டம் என்று விமர்சித்தார்கள். அதில் உண்மை இருக்கலாம். அரசியல்வாதியின் உள்நோக்கத்தை நாம் அளக்க வேண்டியதில்லை. நோக்கம் எதுவாக இருந்தாலும், அறிவிப்புக்குப் பின் வந்த புயலில் அவர் பின்வாங்கவில்லை என்பதே முக்கியம். வட மாநிலங்களில் மாணவர்கள் தீக்குளித்தனர். பெரும்பாலான ஆங்கில நாளேடுகள் அவரைத் தூற்றின. எதிர்க்கட்சித் தலைவர் ராஜீவ் காந்தி மக்களவையில் நீண்ட உரையாற்றி எதிர்த்தார்.

செப்டம்பர் 25 அன்று அத்வானி சோமநாதபுரத்திலிருந்து ரத யாத்திரையைத் தொடங்கினார். சாதியால் பிரிந்து உரிமை கேட்கத் தொடங்கியிருந்த மக்களை மதத்தின் பெயரால் ஒன்று திரட்டி முஸ்லிம்களுக்கு எதிராக நிறுத்துவதே அதன் விளைவாக இருந்தது. ரதம் போன வழியெங்கும் பதற்றம். அயோத்தி நிலத்தைக் கையகப்படுத்த அவசரச் சட்டம் கொண்டுவந்து சமரசம் காண முயன்றார் வி.பி.சிங். இரு தரப்பும் ஏற்காததால் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்.

கடைசியில் இரண்டே வழிகள் மிஞ்சின. ரதத்தை அயோத்திக்கு விட்டால் நாற்காலி தங்கும், தடுத்தால் ஆட்சி போகும். அக்டோபர் 23 அன்று பீகாரின் சமஸ்திபூரில் லாலு பிரசாத் அரசு அத்வானியைக் கைது செய்தது. பாஜக ஆதரவை விலக்கியது. நவம்பர் 7 அன்று மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. காங்கிரசும் பாஜகவும் ஒரே பக்கம் நின்று எதிர்த்து வாக்களித்தன. ஆதரவு 142, எதிர்ப்பு 346. பதினோரு மாத ஆட்சி முடிந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1992 டிசம்பர் 6 அன்று, படைபலத்தைக் கையில் வைத்திருந்த நரசிம்ம ராவ் அரசு பார்த்துக்கொண்டிருக்க மஸ்ஜித் இடிக்கப்பட்டது. நரசிம்ம ராவ் ஐந்து ஆண்டுகளை முழுதாக ஆண்டார். 2024-இல் அவருக்கு பாரத ரத்னாவும் அறிவிக்கப்பட்டது. இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆட்சிக் காலத்தின் நீளம் எதற்கும் அளவுகோல் ஆகாது என்பது புரியும்.

மஸ்ஜித் இடிப்பைத் தொடர்ந்து மும்பை பற்றி எரிந்தபோது வி.பி.சிங் அங்கே சென்று உண்ணாவிரதம் இருந்தார். தண்ணீரும் அருந்தவில்லை. அதன்பின் அவருடைய சிறுநீரகங்கள் பழுதடைந்தன. 1996-இல் பிரதமர் பதவி மீண்டும் தேடி வந்தபோது மறுத்துவிட்டார். பல ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்டே ஏழைகளின் போராட்டங்களில் கலந்துகொண்டார். 2008 நவம்பர் 27 அன்று இறந்தார். மும்பைத் தாக்குதல் செய்திகளுக்கிடையே அவருடைய மரணச் செய்தி ஓரமாகப் போனது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே நாளில், சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் தமிழக அரசு அவருக்குச் சிலை திறந்தது.

முராதாபாத்தில் முஸ்லிம்கள் சுடப்பட்டபோது ஆட்சியில் இருந்தவர், மும்பையில் முஸ்லிம்களுக்காகத் தன் உடலையே வருத்திக்கொண்டார். மனிதர் மாறக்கூடியவர் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

திறந்த கதவும் நம் அலட்சியமும்

மண்டல் ஆணையை 1992 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வசதி படைத்த 'கிரீமி லேயர்' பிரிவினரை மட்டும் விலக்கச் சொன்னது. 2006-இல் மத்திய கல்வி நிறுவனங்களுக்கும் இந்த ஒதுக்கீடு விரிந்தது. இது இந்துக்களுக்கு மட்டுமான ஒதுக்கீடு அல்ல. முஸ்லிம்களில் உள்ள பிற்பட்ட பிரிவுகளையும் மண்டல் குழு சேர்த்தே கணக்கிட்டது. தமிழகத்துக்கான மத்திய ஓபிசி பட்டியலில் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்டோர் இருக்கிறார்கள்.

கதவு திறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உள்ளே போனவர்கள் எத்தனை பேர்? நாட்டின் மக்கள்தொகையில் 13.4 விழுக்காடாக இருந்த முஸ்லிம்கள், ஐஏஎஸ் அதிகாரிகளில் 3 விழுக்காடும் ஐபிஎஸ் அதிகாரிகளில் 4 விழுக்காடும்தான் என்று 2006-இல் சச்சார் குழு சொன்னது. பாகுபாடு ஒரு காரணம். நம் அலட்சியமும் ஒரு காரணம். மாநில அரசின் 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கான பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சான்றிதழை வைத்துக்கொண்டு, மத்திய அரசு வேலைக்கும் ஐஐடிக்கும் இது போதும் என்று நினைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். போதாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் அல்லாதோருக்கான ஓபிசி சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். பெரும்பாலும் அந்தந்த நிதியாண்டில் பெற்ற சான்றிதழையே கேட்கிறார்கள். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை. மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றல்ல என்பதால், உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கதவை மூடும் முயற்சிகளும் நடக்கின்றன. 2023-இல் கர்நாடகத்தின் அன்றைய பாஜக அரசு முஸ்லிம்களின் 4 விழுக்காட்டை நீக்கியது. 2024 மே மாதம் மேற்கு வங்கத்தில் 77 பிரிவுகளின் ஓபிசி தகுதியைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவற்றில் பெரும்பாலானவை முஸ்லிம் பிரிவுகள். மத அடிப்படையில் சலுகை தரலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, பின்தங்கிய நிலையைக் காட்டும் கணக்கு கையில் வேண்டும்.

அதனால்தான் வரும் கணக்கெடுப்பு நமக்கு முக்கியம். இஸ்லாத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்குச் சாதியைச் சொல்ல வேண்டும் என்று சிலர் தயங்குவது நமக்குத் தெரியும். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் சமுதாயம் நாம். அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் கணக்கெடுப்பில் கேட்கப்படுவது மார்க்கத் தீர்ப்பு அல்ல. அரசுப் பட்டியலில் நாம் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பதுதான். அங்கே மதத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், நம் பிரிவுகளின் உண்மையான எண்ணிக்கையும் நிலையும் பதிவாகாமல் போகும். பதிவில் இல்லாதவருக்கு நாளை பங்கும் இருக்காது.

ஜமாஅத் நிர்வாகிகள் ஜும்ஆ மேடையில் இதைப் பேசலாம். ஊரில் உள்ள பட்டதாரிப் பிள்ளைகளை வைத்துச் சான்றிதழ் உதவி முகாம் நடத்தலாம். கணக்கெடுப்பாளர் வீட்டுக் கதவைத் தட்டும்போது என்ன பதில் சொல்வது என்று குடும்பத்தில் இப்போதே பேசி வைக்கலாம்.

ஒருவர் தம் நாற்காலியைக் கொடுத்துத் திறந்த வழி இது. அதில் நம் பிள்ளைகள் நடந்து போவதுதான் அவருக்கு நாம் செலுத்தும் நன்றி.