பழைய பெயருக்கும் வழி உண்டு

மாட்டுங்காவில் பெயர்ப்பலகை சொல்வது மகேஸ்வரி உத்யான். மக்கள் சொல்வதோ கிங்ஸ் சர்க்கிள். எந்தப் பெயரைக் கேட்டு வந்தாலும் இடம் கிடைத்துவிடும். இணையத்தில் அப்படியல்ல. பக்கங்களை முன்கூட்டியே தயாரித்து வைக்கும் ஜெக்கில் (2008) மென்பொருளில், பொதுவாக, கோப்பு இருக்கும் இடமே பக்கத்தின் முகவரி. கோப்பை இடம் மாற்றினால், பழைய முகவரியில் வருபவருக்கு '404' அறிவிப்புதான் மிச்சம்.

பரிகாரம் எளிது. 'ரீடைரக்ட் ஃப்ரம்' என்ற துணைநிரலைச் சேர்த்து, கோப்பின் தலைப்பகுதியில் பழைய முகவரியையும் எழுதிவிட்டால் போதும். பழைய இடத்தில் ஒரு குட்டிப் பக்கம் உருவாகி, வந்தவரைப் புதிய இடத்துக்கு அனுப்பிவிடும்.

தாராவியிலிருந்து செம்பூருக்குக் குடிபோகிறவர்கள் தபால்காரரிடம் புது விலாசம் சொல்லிவிட்டுத்தானே போகிறார்கள்? இணையத்தில் தமிழ்ப் பக்கங்களை நடத்துபவர்களுக்கும் அந்தக் கடமை உண்டு. சொல்லாமல் இடம் மாறிய பக்கம், தேடுகிறவருக்கு அழிந்த பக்கம்தான்.