சூரியன் சீறினால் விரிஞ்சிபுரத்தில் ஜிபிஎஸ் தடுமாறுமா?

வேலூர் அருகே விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில், நிழலை வைத்து மணி சொல்லும் கல் ஒன்று இருக்கிறது. அதற்கு வெயில் மட்டும் போதும். பக்கத்தில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு வழி காட்டும் ஜிபிஎஸ் அப்படியில்லை. அதன் சிக்னல் சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் இருந்து வர வேண்டும். நடுவழியில் அதைக் குழப்பிவிட சூரியனால் முடியும். எப்படி?

சூரியனில் என்ன நடக்கிறது?

சூரியனின் மையத்தில் வெப்பம் சுமார் 1.5 கோடி டிகிரி செல்சியஸ். அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும்போதுதான் நமக்கு வெளிச்சம் கிடைக்கிறது. மேலே கொதிக்கும் மின்னேற்றத் துகள்கள் காந்தப்புலத்தை முறுக்கிக்கொண்டே இருக்கும். முறுக்கு அதிகமான இடங்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். முறுக்கு அறுந்தால் வெடிப்பு. சில நேரம் கோடிக்கணக்கான டன் துகள்களும் விண்வெளியில் வீசப்படும்.

இந்தச் சீற்றம் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சம் தொடும். இப்போதைய சுழற்சி உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது.

2024 மே மாதம் என்ன ஆனது?

மே 10 அன்று, 2003-க்குப் பிறகு முதல்முறையாக உச்சகட்ட அளவான ‘ஜி5’ புவிகாந்தப் புயல் பூமியைத் தாக்கியது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததை கேமராக்கள் பதிவு செய்தன. அமெரிக்காவில் ஜிபிஎஸ் டிராக்டர்கள் தடுமாறி, சில விவசாயிகள் விதைப்பையே நிறுத்தினார்கள்.

தமிழ்நாட்டுக்கு என்ன சிக்கல்?

வானில் வண்ண ஒளி நமக்குத் தெரியாது. மின்கட்டமைப்புக்கான ஆபத்தும் துருவத்தை ஒட்டிய நாடுகளைவிடக் குறைவு. ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. 1963-ல் ராக்கெட் ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தக் கோடுதான் காரணம்.

பகலில் சூரியக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் அயனி மண்டலத்தை உருவாக்குகின்றன. பொழுது சாய்ந்ததும், காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அந்த மண்டலத்தில் குமிழிகள் போலத் துகள் குறைந்த பகுதிகள் உருவாகும். அதைக் கடந்து வரும் சிக்னல் மினுங்கும், சில நேரம் அறுந்தே போகும். இதற்குப் புயல் வர வேண்டும் என்றுகூட இல்லை. சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், குறிப்பாக மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களின் இரவுகளில் இது அதிகம். வேலூர், ஆம்பூர் பக்கமும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது.

அப்போ மேப்பை நம்பலாமா?

நம்பலாம். மொபைலில் சில மீட்டர் பிசகினால் பெரிய நஷ்டமில்லை. மேப்பில் புள்ளி தாவுவதற்கு உயரமான கட்டடங்களும் காரணமாக இருக்கலாம். அதிகத் துல்லியமோ நம்பகத்தன்மையோ தேவைப்படும் நில அளவை, ட்ரோன், விமானம் ஆகியவற்றுக்குத்தான் கவலை. விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் ‘ககன்’ அமைப்பை உருவாக்கியபோது, இந்த அயனி மண்டலக் குழப்பம்தான் பெரிய சவாலாக இருந்தது.

முன்கூட்டியே தெரியுமா?

வெடிப்பின் ஒளி 8 நிமிடம் 20 விநாடியில் வந்துவிடும். அதற்கு எச்சரிக்கை கிடையாது. துகள் மேகம் வர 15 மணி நேரம் முதல் சில நாட்கள் வரை ஆகலாம். ஆனால் அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பூமிக்குப் பெரிய அடி. அந்தத் திசை, மேகம் பக்கத்தில் வந்த பிறகே உறுதியாகத் தெரியும்.

அதை அளக்கும் கருவிகளில் ஒன்று, செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா எல்1. 2023 செப்டம்பர் 2-ல் ஏவப்பட்டு, 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிற்கிறது. அதில் சூரியனைப் படம்பிடிக்கும் முக்கியக் கருவியைச் செய்தது, வாணியம்பாடி பக்கம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம்.

அங்கிருந்து கிடைக்கும் கடைசி எச்சரிக்கை பெரும்பாலும் 15 முதல் 60 நிமிடம்தான். மின்கட்டமைப்பையும் விமானங்களையும் இயக்குபவர்கள் உஷாராக அவ்வளவு நேரம்தான் இருக்கிறது.